பின்னால் பிடிப்பவர்

எங்கள் கடையில் யாரும் ஓடக் கூடாது. தீப்பிடித்தாலும் நடந்துதான் வெளியே வர வேண்டும் என்பார் முதலாளி. சுவரில் சிவப்புச் சாயத்தில் அவர் கைப்படவே எழுதிவைத்திருக்கிறார்: ‘ஓடாதே.’ கண்ணாடிக் கடைக்கு அதைவிடப் பெரிய சட்டம் கிடையாது. ஜன்னல் கண்ணாடி, முகம் பார்க்கும் கண்ணாடி, கடைகளின் முகப்பில் ஆள் உயரத்துக்கு மேல் நிற்கும் தகடு, எல்லாம் இங்கே சாய்த்துத்தான் வைத்திருக்கும். நான் அவற்றை ஏற்றிச் செல்லும் வண்டியின் ஓட்டுநர். சைக்கிளில் போகிறவர்கள் என்னை முந்திக்கொண்டு போய்த் திரும்பிப் பார்த்துச் சிரிப்பார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும்.

இந்தக் கடையிலேயே மெதுவாக நடக்கும் மனிதர் ஒருவர் ஓட ஆரம்பித்துவிட்டார் என்று தெரிந்தபோது கடையே விழுந்து விழுந்து சிரித்தது. அதிகம் சிரித்தவன் நான்தான்.

அவரை நாங்கள் மெல்லண்ணன் என்போம். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பள நாளில் மட்டும் வெளியே வரும். பெரிய தகட்டை இரண்டு பேர் தூக்க வேண்டும். முன்னால் பிடிப்பவர் கண்ணாடிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நடப்பார். பின்னால் பிடிப்பவர்தான் கண்ணாடியையும் பாதையையும் சேர்த்துப் பார்ப்பார். அவர் ‘தூக்கு’ என்றால் தூக்க வேண்டும், ‘நில்லு’ என்றால் நிற்க வேண்டும். ஏன், எதற்கு என்று திரும்பிப் பார்த்தால் வேலை கெட்டது. மெல்லண்ணன் பின்னால் பிடிப்பவர். “மெல்ல… மெல்ல…” என்று அவர் சொல்லிக்கொண்டே வருவது தெருக்கோடிக்குக் கேட்கும். ஒருமுறை நாற்சந்தியைக் கடக்கும்போது “நில்லு!” என்றார். மச்சினன் நின்றான். கூடவே ஒரு பேருந்தும் நின்றது. ஓட்டுநர் தலையை நீட்டி, “என்னையா சொன்னீங்க?” என்று கேட்டார். அப்படி ஒரு குரல்.

மச்சினன் என்றால் அவருடைய மனைவியின் தம்பி. பள்ளிப் படிப்பு முடிந்ததும் அக்காள் கணவரோடு கடைக்கு வந்தவன். முன்பக்கம் அவனுடையது. மாமா பின்னால் இருக்கிறார் என்றால் கண்ணை மூடிக்கொண்டு படியேறுவான். உண்மையிலேயே மூடிக்கொண்டு ஏறிக் காட்டி, முதலாளியிடம் திட்டு வாங்கியிருக்கிறான்.

அவர் ஓட ஆரம்பிப்பதற்கு முன்பு ஒரு விபத்து நடந்தது, அப்போது நான் வண்டியருகே நின்றிருந்தேன். ஒரு துணிக்கடையின் முகப்புக்குக் கொண்டுபோன தகடு. வாசலில் படிகள். கண்ணாடி உடைவதற்கு முன்னால் மெலிதாக ஒரு சத்தம் கொடுக்கும். கடையில் இருப்பவர்களுக்கு அது தெரியும். அந்த நொடியில் பின்னால் பிடிப்பவர் “விடு!” என்று கத்த வேண்டும். இரண்டு பேரும் கையை விட்டு, தலைக்கு மேலே தூக்கி, விலகிவிட வேண்டும். விழுவது விழட்டும், பிடிக்கப் போகாதே என்பதுதான் எங்கள் தொழிலின் முதல் பாடம். சத்தம் கேட்டது. மெல்லண்ணன் வாயைத் திறந்தார். நான் பார்த்தேன், வாய் திறந்தது, குரல் வரவில்லை. கைகள் மட்டும் பழகின பழக்கத்தில் விட்டுவிட்டு மேலே போயின, கால்கள் பின்னால் போயின. முன்னால் இருந்தவன் எதுவும் தெரியாமல் பிடித்துக்கொண்டே நின்றான்.

கண்ணாடி அவன் மணிக்கட்டில், கையுறைக்குச் சற்று மேலே வெட்டியது. உயிருக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் வலது கையில் இரண்டு விரல்கள் அதன்பிறகு முழுதாக மடங்கவில்லை. மச்சினன் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. “என் நேரம், வேற என்ன” என்றான். அவன் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றவன், நடந்தது அவனுக்குத் தெரியாது என்று நான் நினைத்துக்கொண்டேன். நானும் வாயைத் திறக்கவில்லை.

முதலாளி அவனைத் தொலைபேசியருகே உட்காரவைத்தார். பெரிய கண்ணாடிக்கு அளவு கேட்டுக் குறித்துக்கொள்வது அவன் வேலை. மெல்லண்ணன் மூலையிலிருந்த சின்ன மேசைக்குப் போய்விட்டார். படத்துக்குச் சட்டம் போடும் கண்ணாடி, குளியலறைக் கண்ணாடி, இதுதான். பின்பக்கத்துக்கு வேறு ஆட்களை வைத்துப் பார்த்தார் முதலாளி. ஒருவன் கத்திக் கத்தி முன்னால் இருந்தவனைப் பயமுறுத்தினான். இன்னொருவன் எதற்கெடுத்தாலும் “பார்த்து, பார்த்து” என்றான். எதைப் பார்ப்பது? தகடுகள் உடைந்ததுதான் மிச்சம்.

கடைசியில் முதலாளி மெல்லண்ணனின் மேசைக்கே வந்து நின்றார்.

“இதோ பாருப்பா, உன்ன நான் வற்புறுத்தல. ஆனா இந்த வருஷக் கடைசி வரைக்கும்தான் பார்ப்பேன். அதுக்குள்ள நீ பின்னாடி வந்து நிக்கலைன்னா பெரிய கண்ணாடி வேலையே வேணாம், பக்கத்துக் கடைக்காரன் எடுத்துக்கட்டும். அப்புறம் உன் மச்சினனுக்கு இங்க என்ன வேலைன்னு நீயே சொல்லு.”

மெல்லண்ணன் தலையை ஆட்டினார். ஆமாம் என்றா, முடியாது என்றா என்று அந்த ஆண்டவனுக்குத்தான் தெரியும். அந்த நாட்களில் அவர் யாரிடமும் பேசுவதில்லை. தண்ணீர் வேண்டுமென்றால்கூடக் குவளையைத் தூக்கிக் காட்டுவார்.

வீட்டிலும் அதே கதைதான். விடியுமுன் எழுந்து கூடத்தில் குறுக்கும் நெடுக்கும் நடப்பார். பொறுத்துப் பொறுத்துப் பார்த்த அவர் மனைவி ஒருநாள் கதவைத் திறந்துவிட்டு, “தரை தேஞ்சுடும் போல இருக்கு. நடக்கறதுன்னா வெளியில போய் நடங்க. எனக்கும் தூங்கின மாதிரி இருக்கும்” என்று அனுப்பிவிட்டார்.

கீழே வாசலில் நின்றிருந்தது ரேடியோ அக்கா.

இந்த அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். பிறவியிலேயே கண்பார்வை இல்லாதவர். ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் தொலைபேசி இணைப்புக் கொடுக்கும் வேலை. வேலை நேரத்தில் பேசுவார், வேலை முடிந்தும் பேசுவார். அவரும் மெல்லண்ணனும் குடியிருக்கும் கட்டடத்தில் யாருக்குக் காய்ச்சல், யார் வீட்டில் சண்டை என்பதெல்லாம் அக்காவிடம் கேட்டால் போதும். அதனால்தான் ரேடியோ. அவருக்கு ஓடப் பிடிக்கும். ஒரு முழக் கயிற்றில் இரண்டு பக்கமும் வளையம். ஒன்று அவர் கையில், மற்றது கூட ஓடுபவர் கையில். இத்தனை காலம் கூட ஓடியது தங்கை. தங்கைக்கு வெளியூருக்கு மாற்றலாகிவிட்டது. நகரத்தில் வருஷந்தோறும் நடக்கும் ஓட்டத்துக்கு அக்கா பெயர் கொடுத்துவிட்டார், ஆனால் ஆள் இல்லை. தினமும் காலையில் கயிற்றோடு வாசலில் நின்று, காலடிச் சத்தம் கேட்டால் பிடித்துக்கொள்வார். ஒருவருக்கு முழங்கால் வலி, ஒருவருக்குப் பால் வாங்க வேண்டும். எல்லோரும் ஒரு காரணத்தைச் சொல்லித் தப்பித்துவிட்டார்கள். மெல்லண்ணனுக்கு மட்டும் வார்த்தையே வரவில்லை. அப்படி மாட்டிக்கொண்டார்.

இதெல்லாம் பிற்பாடு அக்காவே சொன்னது. அவர் சொல்லாமல் இருந்திருந்தால்தான் அதிசயம்.

முதல் நாள் பக்கத்து மைதானத்தில் ஒரு சுற்று. மெல்லண்ணன் கண்ணாடி தூக்குகிற மாதிரிதான் ஓடினாராம். முழங்காலை மடக்கி, பாதத்தைத் தரையிலிருந்து எடுக்காமல், சின்னச் சின்ன அடி. அக்கா நின்றுவிட்டார்.

“என்ன தம்பி இது? தூங்கற குழந்தையத் தாண்டிப் போற மாதிரி இருக்கு. கால எடுத்து வைங்க, தரை ஒண்ணும் உடைஞ்சிடாது.”

கால் எடுத்து வைத்தார். விலா பிடித்துக்கொண்டது, மூச்சு வாங்கியது, திரும்பி வந்து படியிலேயே உட்கார்ந்துவிட்டார். மறுநாள் நின்றுவிடுவார் என்று அவர் மனைவி நினைத்தாராம். நானும் அப்படித்தான் நினைத்தேன். மனிதர் நிற்கவில்லை. ஓடும்போது மூச்சைத் தவிர வேறெதையும் நினைக்க முடிவதில்லை, அது அவருக்குப் போதுமானதாக இருந்தது என்று நினைக்கிறேன். நான் ஓடிப் பார்த்ததில்லை, பார்க்கப்போவதும் இல்லை.

கொஞ்ச நாளில் மாற்றம் தெரிந்தது. தொப்பை இறங்கியது. சாப்பாட்டுப் பாத்திரம் காலியாகத் திரும்பியது. கடைக்குள் வரும்போது தலை நிமிர்ந்திருந்தது. “என்ன அண்ணே, ஒலிம்பிக்கா?” என்று கேட்டேன். சிரித்தார். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு அந்தச் சிரிப்பைப் பார்த்தேன். ஆனால் பதில் சொல்லவில்லை. மைதானத்திலும் அவர் பேசுவதில்லையாம். கயிற்றை இழுத்தால் திரும்ப வேண்டும், தளர்த்தினால் நேராகப் போக வேண்டும். அக்காதான் இருவருக்கும் சேர்த்துப் பேசிக்கொண்டே ஓடுவாராம்.

ஒருநாள் காலை, மைதானத்தின் குறுக்கே ஒருவர் சைக்கிளில் வேகமாக வந்தார். மெல்லண்ணன் பார்த்தார். அடுத்து அவர் செய்ததை எங்கள் கடைக்காரன் ஒருவனைத் தவிர உலகத்தில் யாரும் செய்ய மாட்டார்கள். கயிற்றை விட்டார், இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கினார், பின்னால் நகர்ந்தார். ஒரு வார்த்தை சொல்லவில்லை. அக்கா ஏதோ கதை சொல்லிக்கொண்டே நேராக ஓடிப் போய் சைக்கிள்மேல் மோதி விழுந்தார். முழங்கால் கிழிந்து ரத்தம்.

சைக்கிள்காரர் பதறிப்போய்த் தூக்க வந்தார். அக்கா அவரைச் சட்டை செய்யவில்லை. மெல்லண்ணன் எந்தப் பக்கம் நிற்கிறார் என்று மூச்சை வைத்துக் கண்டுபிடித்து, அந்தப் பக்கம் திரும்பினார்.

“கயிறு போனா போகட்டும் தம்பி. ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? நான் காத வெச்சுத்தானே ஓடறேன்! உங்களுக்கு வாய்னு ஒண்ணு எதுக்கு இருக்கு?”

மெல்லண்ணன் அப்படியே புல்லில் உட்கார்ந்து அழுதார். சின்னப் பிள்ளை மாதிரி, விக்கி விக்கி அழுதார். மச்சினன் கேட்காத கேள்வி அது. கேட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பார், கேட்காமல் விட்டதுதான் இத்தனை நாளாக நெஞ்சில் கல்லாக உட்கார்ந்திருந்தது. அக்காவுக்கு ஒன்றும் புரியவில்லை. அடிபட்டது எனக்கு, அழுவது இவரா என்று நினைத்ததாக எங்களிடம் சொன்னார்.

மறுநாளிலிருந்து அவர் மைதானத்துக்குப் போகவில்லை. கூடத்தில் பழைய நடை ஆரம்பித்தது. கடையில் மறுபடியும் குவளையைத் தூக்கிக் காட்டினார். தொலைபேசியருகே மச்சினன் முன்னெப்போதையும்விட அதிகமாகச் சிரித்துப் பேசினான். வருஷக் கடைசி நெருங்கிக்கொண்டிருந்தது, அது அவனுக்கும் தெரியும்.

ஒருநாள் மாலை, முழங்காலில் கட்டோடு, கைப்பிடியைத் தடவிக்கொண்டு மாடியேறி வந்தார் ரேடியோ அக்கா. மனைவி கதவைத் திறந்தார். உள்ளே வரச் சொல்வதற்கு முன்பே அக்கா உள்ளே வந்துவிட்டார்.

“தம்பி இருக்காரா? இருக்காரு, மூச்சு கேக்குது. இங்க பாருங்க தம்பி, உங்களுக்கு ஆறுதல் சொல்ல நான் வரல. எனக்காக வந்திருக்கேன். ஓட்டம் நெருங்கிடுச்சு. புதுசா ஒரு ஆளத் தேடிப் பழக்க எனக்கு நேரமில்ல.”

“நான் விட்டுடறேன்க்கா,” என்றார் மெல்லண்ணன். “என் கை விட்டுடுது.”

“கை விட்டா விடட்டும். நீங்க பேசினாப் போதும். வாயில வர்றத எல்லாம் சொல்லணும். நல்லது கெட்டது பார்க்க வேணாம். நான் பேசாம வர்றேன்.”

அவர் மனைவி அடக்க முடியாமல் சிரித்துவிட்டார். ரேடியோ அக்கா பேசாமல் வருவதாவது! ஆனால் அக்கா சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். மறுநாள் காலை மைதானத்தில் வாயை இறுக்கி மூடிக்கொண்டு ஓடினார். அதனால் வேறு வழியில்லாமல் மெல்லண்ணன் பேச வேண்டியதாயிற்று.

“குழி… இடது. நாய் படுத்திருக்கு. எழுந்திருக்கல. இன்னும் எழுந்திருக்கல. தாண்டிட்டோம். தண்ணி தேங்கியிருக்கு, ஒரு எட்டு பெருசா வைங்க. யாரோ ஒருத்தர் எதிர்ல வர்றாரு, பச்சைச் சட்டை…”

“பச்சைச் சட்டை எனக்கெதுக்கு?” என்று கேட்டு அக்கா தானே சத்தியத்தை மீறினார்.

முதலில் முணுமுணுப்பாகத்தான் வந்ததாம். மூச்சு வாங்கும்போது முணுமுணுப்பு கேட்காது, அதனால் சத்தமாகச் சொல்ல வேண்டியிருந்தது. ஓடிக்கொண்டே சத்தமாகப் பேச நெஞ்சில் காற்று வேண்டும். அதற்காக இன்னும் ஓட வேண்டியிருந்தது. இப்படியே போய் ஒரு கட்டத்தில் வீட்டிலும் அந்தப் பழக்கம் தொற்றிக்கொண்டது. “உப்பு குறைவு. மின்விசிறி சத்தம் போடுது. செருப்பு வாசல்ல கிடக்கு, தடுக்கும்” என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே வருவாராம். “பேசலையேன்னு கவலைப்பட்டேன், இப்ப காது போகுது” என்று மனைவி சலித்துக்கொண்டார். சலிப்பு சும்மா, முகமெல்லாம் பல்.

கடையில் நான் கவனித்த ஒன்றைச் சொல்கிறேன். ஒரு வாடிக்கையாளர் மேசையைத் தட்டி, அன்றைக்கே கண்ணாடி வேண்டும் என்று குதித்தார். மெல்லண்ணன் நிமிர்ந்து, “இன்னைக்கு வெட்டினா ஓரம் சரியா வராது. நாளைக்கு வாங்க, நல்லாத் தர்றேன்” என்றார். வந்தவர் அடங்கிப்போய், “சரிங்க” என்றார். முதலாளி மூக்குக்கண்ணாடியை இறக்கிப் பார்த்தார். ஆனால் பின்பக்கத்துக்கு வா என்று கேட்கவில்லை. கேட்டு, இல்லை என்ற பதில் வந்துவிட்டால் அப்புறம் அதை மாற்ற முடியாது. நாங்களும் கேட்கவில்லை.

ஓட்டத்தன்று வண்டியை எடுத்து வரச் சொல்லி அக்கா எனக்கு உத்தரவு போட்டிருந்தார். எனக்கு எதற்கு உத்தரவு போடுகிறார் என்று கேட்கும் தைரியம் எனக்கில்லை. மெல்லண்ணனின் மனைவியையும் மச்சினனையும் ஏற்றிக்கொண்டு போய், பாலத்துக்குக் கீழே சாலை திரும்பும் இடத்தில் நின்றோம். முந்தின நாள் மழை. சாலை ஈரம். கூட்டம் கூட்டமாக ஓடி வந்தார்கள். இந்த ஜனங்களுக்கு வீட்டில் வேலையே இல்லையா என்று நான் சொன்னதும் மெல்லண்ணனின் மனைவி என்னை முறைத்தார்.

கடைசிக் கூட்டத்தில்தான் இவர்கள் வந்தார்கள். நடுவில் கயிறு. மெல்லண்ணனின் வாய் ஓயாமல் அசைந்துகொண்டிருந்தது. திருப்பத்துக்குச் சற்று முன்னால் ஒருவர் ஈரத்தில் வழுக்கி, ஓரத்திலிருந்த இரும்புத் தடுப்பைப் பிடித்தார். தடுப்பு அவரோடு சேர்ந்து சாலைக்குக் குறுக்கே சாய்ந்தது. சரியாக அக்காவின் பாதையில். மெல்லண்ணனின் இடது கை மேலே போவதை நான் பார்த்தேன். கயிறு வலது கையில். அதுவும் அசைந்தது.

“நில்லு!”

அடேயப்பா! பாலத்துக்கு அடியில் அது திரும்பி வேறு கேட்டது. அக்கா அறைந்த ஆணியாக நின்றார். அவரோடு நிற்கவில்லை விஷயம். பக்கத்தில் ஓடியவர்கள் நின்றார்கள். முன்னால் போனவர்களும் நின்று திரும்பினார்கள். தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்த பெண் குவளையைச் சாய்த்தபடியே நின்றாள். போக்குவரத்துக் காவலர் விசிலை வாயில் வைத்துக்கொண்டு ஊதாமல் நின்றார். ஏற்கெனவே நின்றுகொண்டிருந்த நான் என்ன செய்வதென்று தெரியாமல் விழித்தேன்.

கயிறு கையில்தான் இருந்தது.

“தடுப்பு விழுந்திருக்கு. வலது பக்கம் வாங்க. மெல்ல… மெல்ல… இன்னும் ஒரு எட்டு. கால உயரத் தூக்குங்க. வைங்க. அடுத்த கால். மெல்ல… வந்தாச்சு. ஓடுங்க!”

வாசல் நிலையில் படாமல் தகட்டை உள்ளே கொண்டுபோவாரே, அதே குரல், அதே நிதானம். அவர் மனைவி புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் மச்சினனிடம் ஏதோ சொல்லத் திரும்பினேன். அவன் இரண்டு கைகளையும் நெஞ்சு உயரத்துக்குத் தூக்கி, விரல்களை வளைத்து, தகட்டைப் பிடித்திருப்பவன் மாதிரி நின்றுகொண்டிருந்தான். மடங்காத அந்த இரண்டு விரல்களும் தங்களால் முடிந்தவரை மடங்கியிருந்தன. அவன் நின்றது அவனுக்கே தெரியவில்லை. நான் தோளைத் தட்டியதும் கையை இறக்கிவிட்டு, “மாமா குரல்” என்றான்.

அவர்கள் கிட்டத்தட்டக் கடைசியாகத்தான் முடித்தார்கள். ஆஸ்பத்திரிக்குத் தொலைபேசி செய்தவர்களிடமெல்லாம் அக்கா ஒரு வாரம் அதைப் பற்றிப் பேசினார். கேட்டவர்கள் யாரும் அவர் முதலாவதாக வந்தாரா என்று சந்தேகப்பட்டிருக்க முடியாது.

அடுத்த வேலை நாளில் கடைக்கு ஒரு தகடு வந்து நின்றது. முதலாளி வேண்டுமென்றே வரவழைத்தாரா, தானாக வந்ததா, நான் கேட்கவில்லை. ஒரு மருந்துக் கடையின் முகப்புக்குப் போக வேண்டியது. எல்லோரும் அவரவர் வேலையைப் பார்ப்பதாக நடித்தோம். மச்சினன் தொலைபேசியை வைத்துவிட்டு எழுந்தான். ஆணியில் தொங்கிய தோல் கையுறையை எடுத்து, பல்லால் இழுத்து வலது கையில் மாட்டிக்கொண்டான். தகட்டின் முன்பக்கம் போய், எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கையைக் கொடுத்தான். திரும்பிப் பார்க்கவில்லை.

மெல்லண்ணன் சின்ன மேசையை விட்டு வந்தார். பின்பக்கம் நின்றார். முதலாளி இருமக்கூட இல்லை.

“அன்னைக்கு நான் சொல்லலடா,” என்றார்.

“தெரியும் மாமா,” என்றான் அவன், அதே மாதிரி நின்றபடி. “சத்தம் எனக்கும் கேட்டுச்சு. நீங்க சொல்லுவீங்கன்னுதான் பிடிச்சிட்டு நின்னேன். இன்னைக்குச் சொல்லுங்க.”

மெல்லண்ணன் கையைத் தகட்டின் அடியில் கொடுத்தார். மூச்சை ஒருமுறை நன்றாக உள்ளே இழுத்தார், ஓடுகிறவர்கள் இழுப்பதுபோல.

“தூக்கு,” என்றார்.

நான் வண்டியின் கொக்கியைக் கழற்ற முன்னால் போனேன். நடந்துதான் போனேன்.